வாக்காளர் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

‘வாக்கு கேட்டு வந்திருக்கிறோம்.’ இந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் இரண்டு இடங்களில் கேட்கலாம். ஒன்று கிராமத்துக் கோயில். பெண்ணுக்கு வரன் அமையுமா, கிணற்றில் தண்ணீர் ஊறுமா என்று மனத்தில் ஒரு கேள்வியோடு வந்தவர்கள் சாமியாடியின் முன்னால் கைகூப்பி நிற்பார்கள். மற்றொன்று தேர்தல் காலத்தில் நம் வீட்டு வாசல். அங்கே கைகூப்பி நிற்பவர் வேட்பாளர். வாக்குச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். கோயிலில் சாமிக்கு உரிய இடம் எதுவோ, அந்த இடத்தில் தேர்தலின்போது சாதாரண மனிதரை வைத்திருக்கிறது தமிழ். அந்த மனிதருக்கு அது சூட்டிய பெயர்தான் வாக்காளர்.

நாளிதழ்களில் ஆயிரம் முறை படித்துவிட்ட சொல் என்பதால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் நின்று பார்ப்பதில்லை. முதன்முறையாகப் பட்டியலில் பெயர் சேர்க்கப் போகும் பதினெட்டு வயதுக்காரருக்கு விளக்குவதாக எண்ணிக்கொண்டு, சொல்லைப் பிரித்தே தொடங்குகிறேன்.

வாக்கு + ஆளர் = வாக்காளர். ‘வாக்கு’ என்பதன் கடைசியில் உள்ள உகரம் முழுமையாக ஒலிக்காத, குறுகிய உகரம். அதை அடுத்து ஓர் உயிரெழுத்து வந்தால் அந்த உகரம் விலகிவிடும். ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ என்கிறது நன்னூல். உகரம் ஓடிய இடத்தில் ‘ஆ’ வந்து சேர, வாக்காளர் பிறக்கிறார். எழுத்து + ஆளர் எழுத்தாளர் ஆவதும், பேச்சு + ஆளர் பேச்சாளர் ஆவதும் இதே வழியில்தான்.

முதல் பாதியான ‘வாக்கு’ வடமொழியின் ‘வாச்’ என்ற வேரிலிருந்து வந்தது. பொருள்: பேச்சு, சொல். குரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘வோக்ஸ்’ இதற்குத் தூரத்து உறவு. ஆனால் தமிழுக்கு வந்தபின் வாக்கு வெறும் பேச்சாக மட்டும் இருந்துவிடவில்லை. ‘வாக்குண்டாம் நல்ல மனமுண்டாம்’ என்று மூதுரையின் கடவுள் வாழ்த்து தொடங்கும்போது அது சொல்வன்மை. ‘மனம், வாக்கு, காயம்’ என்று மூன்றாக அடுக்கும்போது, மனிதன் செயல்படும் மூன்று வழிகளில் ஒன்று. ‘வாக்குக் கொடுத்தான்’ என்றால் உறுதிமொழி. ‘வாக்குத் தவறாதவர்’ என்றால் சொன்னதைச் செய்பவர். நீதிமன்றத்தில் தருவது வாக்குமூலம். சாமி சொன்னால் அருள்வாக்கு. ‘செல்வாக்கு’ என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள்: செல் + வாக்கு. யாருடைய சொல் நான்கு பேரிடம் செல்லுபடியாகிறதோ அவருக்குச் செல்வாக்கு இருக்கிறது. ‘அந்த ஊரில் அவர் சொல் செல்லும்’ என்று இன்றும் பேசுகிறோம் அல்லவா, அதே கருத்துதான்.

ஆகவே, வாக்கு என்பது ஒருவர் தன் பொறுப்பில், தன்னைப் பிணையாக வைத்து, வெளியே விடும் சொல். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால் தேர்தல் மொழி முழுவதும் புதிதாகத் தெரியும். வேட்பாளர் நமக்குத் தருவது வாக்குறுதி. நாம் அவருக்குத் தருவது வாக்கு. இரண்டு பக்கமும் கைமாறுவது ஒரே பொருள்தான். ஓர் உறுதிமொழிக்கு இன்னோர் உறுதிமொழி.

‘ஆளர்’ என்ற இரண்டாம் பாதி தூய தமிழ். ‘ஆள்’ என்ற வினையடிக்கு ஆட்சி செய், உடைமையாகக் கொள், கையாள் என்று பல பொருள்கள். ‘அல்லல் அருளாள்வார்க்கு இல்லை’ என்கிறது குறள். அருளை ஆள்பவர்க்குத் துன்பம் இல்லை என்பது பொருள். அருள் ஆள்வார் என்பதே சுருங்கினால் அருளாளர். அதேபோல வாக்கை ஆள்பவர் வாக்காளர். இன்றைய தமிழில் ‘ஆளர்’ எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும் விகுதியாகிவிட்டது என்பது உண்மை. பார்வையாளர், செயலாளர், வாடிக்கையாளர் என்று சொல்லும்போது யாரும் ஆட்சியை நினைப்பதில்லை. ஆனாலும் வேர் அங்கேயே இருக்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஏன் என்பது பக்கத்து மொழிகளைப் பார்த்தால் விளங்கும். இந்தியில் வாக்காளர் ‘மத்தாதா’: ‘மத்’ என்றால் அங்கே கருத்து, தாதா என்றால் கொடுப்பவர். கருத்தைக் கொடுப்பவர். மலையாளத்தில் ‘சம்மதிதாயகன்’: சம்மதத்தைத் தருபவர். சிங்களத்தில் ‘சந்த தாயக’. அதிலும் ‘தாயக’ என்றால் கொடுப்பவர்தான். இவை மூன்றும் கொடுக்கிற கையைப் பார்க்கின்றன. தமிழ்ச் சொல் கொடுப்பதற்கு முந்தைய நிலையைப் பார்க்கிறது. கொடுக்க வேண்டுமானால் முதலில் அது நம்முடையதாக இருக்க வேண்டும். வாக்கு யாருடைய உடைமை, யார் அதை ஆள்கிறார் என்பதைச் சொல்வது வாக்காளர் என்ற சொல். கொடுக்கும் செயலைச் சொல்லவும் தமிழில் வினை உண்டு: வாக்களி. அளித்தல் என்றால் கொடுத்தல். காத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாக்காளர் என்பதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. ‘வாக்காளன்’ என்று யாராவது எழுதினால் காதில் உறுத்துகிறது. ஒருவரைக் குறிக்கும்போதும் மரியாதைப் பன்மையான ‘அர்’ விகுதியோடுதான் இந்தச் சொல் நிலைத்திருக்கிறது. மேடையில் ‘வாக்காளப் பெருமக்களே’ என்று அழைக்கும்போது கடைசி ‘ர்’ உதிர்ந்து ‘ப்’ வந்து சேரும்.

வோட்டு எப்படி ஓட்டு ஆனது?

எழுத்தில் வாக்கு, பேச்சில் ஓட்டு. ‘ஓட்டுப் போட்டாயா?’ என்று கேட்பவரே தமிழ்நாட்டில் அதிகம். இது ஆங்கிலச் சொல் தமிழ் உடை உடுத்திய கதை.

ஆங்கில உச்சரிப்பை அப்படியே எழுதினால் ‘வோட்’ என்று வரும். பழைய பத்திரிகைகளில் வோட்டு, வோட்டர் என்று அச்சிட்டதும் உண்டு. ஆனால் தமிழ் நாக்குக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. ‘உ ஊ ஒ ஓ என்னும் நான்கு உயிர் வ என் எழுத்தொடு வருதல் இல்லை’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது வு, வூ, வொ, வோ என்ற நான்கு எழுத்துகளும் தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வருவதில்லை. இந்த நான்கில் தொடங்கும் தமிழ்ச் சொல் ஒன்றை நினைத்துப் பாருங்கள், கிடைக்காது. அதனால் ‘வோ’ வந்தபோது மக்கள் வகரத்தைக் கழற்றிவிட்டு ‘ஓ’ என்று தொடங்கினார்கள். கடைசியில் நின்ற மெய்யெழுத்துக்கு ஓர் உகரத்தைத் துணையாகச் சேர்த்தார்கள். நோட் நோட்டு ஆனதும், கோட் கோட்டு ஆனதும் இப்படித்தான். தெலுங்கிலும் இது ‘ஓட்டு’தான். மலையாளம் ‘வோட்டு’ என்று வகரத்தை விடாமல் வைத்திருக்கிறது.

இலக்கணம் படிக்காத கோடிக்கணக்கான மக்கள், தொல்காப்பியர் எழுதிவைத்த விதியை ஓர் ஆங்கிலச் சொல்லின்மீது தாமாகவே செலுத்தியிருக்கிறார்கள். ஓட்டு என்ற சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். வோட்டு என்பதைவிட ஓட்டுதான் தமிழின் இயல்புக்கு உகந்தது.

அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பின்னால் போனால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. அதன் தாய் லத்தீன் சொல்லான ‘வோட்டும்’. பழைய ரோமில் அதற்குப் பொருள் தேர்தலும் இல்லை, கருத்தும் இல்லை. கடவுளிடம் செய்துகொள்ளும் நேர்ச்சை. ‘இந்தப் போரில் வெற்றி கிடைத்தால் உனக்கு ஒரு கோயில் எழுப்புகிறேன்’ என்று வேண்டிக்கொண்டு, பின்னர் நிறைவேற்றும் நேர்த்திக்கடன். வேண்டுதல் என்ற பொருள் விருப்பம் ஆகி, ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தெரிவிக்கும் விருப்பமாக ஆங்கிலத்தில் நிலைபெற்றது. வாக்கு, ஓட்டு என்ற இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்தவை. ஒலியில் தெரியும் ஒற்றுமை தற்செயல். ஆனால் பொருளில் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: தவறக்கூடாத சொல். சாமியாடியின் முன்னால் தொடங்கிய இந்தக் கட்டுரை ரோமின் கோயிலுக்குப் போய்ச் சேரும் என்று, இதைத் தேடத் தொடங்கியபோது நான் எதிர்பார்க்கவில்லை.

எல்லா மொழிகளும் இப்படிச் சொல்லை அடிப்படையாகக் கொள்ளவில்லை. பழைய கிரேக்கர்கள் கூழாங்கற்களைப் போட்டு முடிவெடுத்தார்கள். கூழாங்கல்லுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரிலிருந்துதான் தேர்தல் ஆய்வுக்கான ஆங்கிலப் பெயர் வந்தது. வாக்குச்சீட்டைக் குறிக்கும் ‘பாலட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம், சிறிய உருண்டையைக் குறிக்கும் இத்தாலியச் சொல். கல், உருண்டை என்று அங்கே கருவி பெயராகிவிட்டது.

நம்மிடமும் கருவியால் பெயர் பெற்ற முறை ஒன்று உண்டு: குடவோலை. குடம் + ஓலை. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் (பொ.ஆ. 919, 921) இதன் விதிகள் விரிவாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்றால் இன்றைய வார்டு போல. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். எதுவும் அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஓர் ஓலையை எடுக்கச் செய்வார்கள். இப்படித் தேர்ந்தவர்களே ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றின் உறுப்பினர்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயர் குடத்துக்குள் போகவே முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு இவ்வளவு கறாரான விதி! படிக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது.

அந்தப் பெருமையோடு ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடவோலை வாக்களிப்பு அல்ல, அது குலுக்கல். யாருக்கு ஆதரவு அதிகம் என்று அங்கே எண்ணப்படவில்லை. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, பெயர் எழுதப்படுவதற்கே சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் 35 முதல் 70 வரையிலான வயதும் வேண்டும். பிராமணர்களின் சபை அது; பெண்களுக்கு இடமில்லை. எனவே ‘அந்தக் காலத்திலேயே நம்மிடம் ஓட்டு இருந்தது’ என்று சொல்வது சரியாகாது. உத்திரமேரூரில் ஓலை இருந்தது, குடம் இருந்தது, ஒழுங்கு இருந்தது. வாக்காளர் இல்லை.

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சி அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் ‘கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார், பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்களின்’ என்று ஓர் உவமை வருகிறது. கயிற்றால் கட்டிய குடத்தின்மேல் உள்ள முத்திரையைச் சரிபார்த்து, அதை உடைத்து, உள்ளே உள்ள ஓலையை அதிகாரிகள் எடுக்கிறார்கள். வாக்கு எண்ணும் நாளன்று முகவர்களிடம் அரக்கு முத்திரையைக் காட்டிவிட்டுப் பெட்டியைத் திறக்கும் காட்சியை இது எனக்கு நினைவூட்டுகிறது.

போடுதல், சொல்லுதல்

ஓட்டுக்கு மக்கள் சேர்த்த வினை ‘போடு’. காரணம் எளிது. சீட்டைப் பெட்டிக்குள் போட்டோம். 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவரது சின்னம். சீட்டில் எதையும் குறிக்க வேண்டியதில்லை. பிடித்தவரின் பெட்டிக்குள் போட்டாலே போதும். முத்திரை குத்தும் முறை பிறகு வந்தது. 2001 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்துவிட்டது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் இன்று நாம் அழுத்துவது பொத்தான். ஆனாலும் ‘ஓட்டு அழுத்தினேன்’ என்று யாரும் சொல்வதில்லை. பெட்டி போய்விட்டது, ‘போடு’ நிற்கிறது.

வாக்கு என்றால் பேச்சு. ஆனால் வாக்குச்சாவடியில் நாம் வாய் திறப்பதே இல்லை. யாருக்கு என்பதை உரக்கச் சொன்னால் அது ரகசிய வாக்கெடுப்பு ஆகாது. இது முரணாகத் தோன்றலாம். ஆனால் வாக்கை வாயால் சொன்ன காலமும் இருந்தது. பிரிட்டனில் 1872 வரை வாக்காளர்கள் எல்லார் முன்னிலையிலும் வேட்பாளரின் பெயரைச் சொல்லித்தான் வாக்களித்தார்கள். நிலக்கிழாரும் முதலாளியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, மனத்தில் உள்ளதைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும்? அந்த அச்சத்தைப் போக்கத்தான் திரை வந்தது. வாக்கை ஆள்பவர் உண்மையில் அதை ஆள வேண்டுமென்றால் அது பிறர் காதில் விழக்கூடாது என்று ஆயிற்று. வாயால் சொல்லும் வாக்கு இன்றும் ஓர் இடத்தில் மிச்சமிருக்கிறது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ‘ஆம்’ என்போரும் ‘இல்லை’ என்போரும் குரல் எழுப்ப, அவைத் தலைவர் முடிவை அறிவிப்பது குரல் வாக்கெடுப்பு.

அருகில் நிற்கும் சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். வேட்பாளர் என்பதில் இருப்பது ‘வேள்’ என்ற வேர். விரும்பு என்று பொருள். வேட்கையும் வேண்டுதலும் அதன் சுற்றம். பதவியை விரும்பி நிற்பவர் வேட்பாளர். சில தலைமுறைகளுக்கு முன்பு அவருக்கு ‘அபேட்சகர்’ என்ற பெயரும் இருந்தது. வடமொழியில் அதற்கும் விரும்புபவர் என்றுதான் பொருள். தமிழ்நாட்டில் அது வழக்கொழிந்து, வேட்பாளர் நின்றுவிட்டார். ‘தேர்தல்’ என்பது ‘தேர்’ என்ற வினையிலிருந்து வந்தது. ஆராய்ந்து தெரிந்தெடுப்பது அதன் பொருள். ‘தேரான் பிறனைத் தெளிந்தான் வழிமுறை தீரா இடும்பை தரும்’ என்ற குறளில் உள்ளது அதே ‘தேர்’. ஆராயாமல் ஒருவனை நம்பினால் அதன் துன்பம் வழிவழியாக வருபவர்களுக்கும் தீராது என்கிறார் வள்ளுவர்.

இலங்கைத் தமிழில் ஒரு நல்ல நுட்பம் இருக்கிறது. அங்கே ‘தேருநர்’ என்ற சொல்லும் ஆட்சித் தமிழில் வழங்குகிறது. நாம் வாக்காளர் பட்டியல் என்பதை அங்கே ‘தேருநர் இடாப்பு’ என்றும் ‘வாக்காளர் இடாப்பு’ என்றும் எழுதுகிறார்கள். தேருநர் என்றால் தெரிவு செய்யும் தகுதி உள்ளவர். சட்டத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. பட்டியலில் பெயர் உள்ளவர் ஒருவர். அன்று வந்து வாக்களித்தவர் இன்னொருவர். ஆங்கிலத்தில் இருவருக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழ்நாட்டில் இருவரையும் வாக்காளர் என்றே சொல்லிவிடுகிறோம். ஒரு சாவடியில் 1,000 வாக்காளர்கள் இருந்து 720 பேர் வந்தால் வாக்குப்பதிவு 72 சதவீதம். வராத 280 பேரும் வாக்காளர்களே. அவர்கள் வாக்களிக்கவில்லை, அவ்வளவுதான். செய்தி படிக்கும்போது ‘வாக்காளர்கள்’, ‘வாக்களித்தவர்கள்’ என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பல கணக்குகள் தெளிவாகும்.

இதிலிருந்து புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒருவரை வாக்காளராக்குவது வயதோ அட்டையோ மட்டும் அல்ல. பட்டியலில் உள்ள பெயர். வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 18 நிறைந்ததும் பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடாது. படிவம் 6 நிரப்பித் தர வேண்டும். முன்பு ஜனவரி 1ஆம் தேதியை மட்டுமே வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளும் தகுதி நாள்களாகச் சேர்ந்துள்ளன. அடையாள அட்டை பையில் இருந்து, பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது.

பெயர் எவ்வளவு பெரியது என்பதை முதல் பொதுத் தேர்தலே காட்டியது. சுமார் 17 கோடிப் பேரின் பெயர்களை வீடு வீடாகச் சென்று எழுதினார்கள். வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். அந்நிய ஆண்களிடம் பெயர் சொல்வது வழக்கமில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். கணக்கெடுக்க வந்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராத பதிவுகளை நீக்கச் சொன்னார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியாமல் போனது.

அது கடுமையான முடிவு. அத்தனை பெண்கள் வாசலில் நிறுத்தப்பட்டதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் இன்னொருவரின் மனைவி என்றோ தாய் என்றோ மட்டும் எழுதப்பட்டவர், எந்தப் பெயரால் தன் வாக்கை ஆள முடியும்? அடுத்த தேர்தலுக்குப் பட்டியலைத் திருத்தப் போனபோது, அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரைச் சொன்னார்கள்.